ஹெச்ஐவி நுழையாத ரத்தமும், துப்பறிஞ்ச ஆன்டிபாடிகளும்

கொஞ்சம் நீளமான திரி மக்களே. காபியோ டீயோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஒரு மனிதர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். பெயர் ஸ்டீபன் க்ரோன். நியூயார்க் ஓவியர். பெயரைக் கேட்டதும் மருத்துவம் படிச்சவங்களுக்குக் குடல் நோய் ஒண்ணு ஞாபகம் வரும். சரிதான், "க்ரோன்ஸ்" நோயை விவரிச்ச டாக்டர் பரில் க்ரோன் இவருக்குத் தாத்தா முறை.

1982ல் இவருடைய இணையர் இறந்துபோனார். எய்ட்ஸ் என்ற பெயரே அப்போதான் வந்துக்கிட்டு இருந்தது. அடுத்தடுத்த வருஷங்கள்ல நண்பர்கள் ஒவ்வொருத்தரா போனாங்க. இவருக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை. ரத்தப் பரிசோதனை எத்தனை தடவை செஞ்சாலும் நெகட்டிவ்.

இன்னொருத்தரா இருந்தா "தப்பிச்சோம்டா சாமி"ன்னு இருந்திருப்பார். இவர் டாக்டர்களைத் தேடிப் போய், என் உடம்பை ஆராய்ச்சி பண்ணுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். செத்தவங்களை ஆராயத்தான் அன்னைக்கு ஆள் இருந்தது. சாகாதவனை ஆராய யாருக்கும் தோணலை. கடைசியா 1990களின் நடுவில், நியூயார்க்கின் ஆரன் டைமண்ட் எய்ட்ஸ் ஆராய்ச்சி மையத்தில் பில் பாக்ஸ்டன் என்ற ஆய்வாளர் இவருடைய ரத்தத்தை வாங்கி, சிடி4 டி செல்களைப் பிரிச்சு, அதுமேல வைரஸை ஊத்திப் பார்த்தார்.

வைரஸ் உள்ளே போகலை. அளவைக் கூட்டினாங்க. அப்பவும் போகலை.

ஏன்? அதுக்கான விடை, டி செல்களை "இங்கே வா"ன்னு கூப்பிடுற சின்னச் சின்னப் புரதங்கள்கிட்ட இருந்தது. அந்தப் புரதங்களைப் பிடிச்சுக்கொடுத்தது ஆன்டிபாடி. இந்தத் திரி அந்தக் கதைதான்.

ஆன்டிபாடின்னதும் உங்களுக்குத் தடுப்பூசியும் கொரோனாவும்தான் ஞாபகம் வரும். நம்ம உடம்பு கிருமிக்கு எதிரா செய்யுற புரதம். ஆனா லேபில் அதுக்கு வேறொரு வேலை இருக்கு. ஒவ்வொரு ஆன்டிபாடியும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும்தான் பிடிக்கும். ஆட்டுக்கோ முயலுக்கோ எலிக்கோ ஒரு புரதத்தை ஊசியா போட்டா, அது அந்தப் புரதத்துக்கு எதிரா ஆன்டிபாடி செய்யும். அதை எடுத்து வச்சுக்கிட்டா, அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற தூண்டில் ரெடி.

1975ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனாங்க. ஆன்டிபாடி செய்யுற ஒரு எலிச் செல்லை, சாவே இல்லாத ஒரு புற்றுநோய்ச் செல்லோட ஒட்டவைச்சாங்க. விளைவு? ஒரே மாதிரி ஆன்டிபாடியை வருஷக்கணக்கா சுரந்துக்கிட்டே இருக்கிற செல். மோனோக்ளோனல் ஆன்டிபாடின்னு சொல்றோமே, அதுதான். இதுக்குக் காப்புரிமை வாங்காமலே விட்டுட்டாங்க. 1984ல் நோபல் மட்டும் வந்தது.

இந்தத் தூண்டிலோட உண்மையான அழகு எங்கே தெரியுமா? வச்சு இறக்கின ரசத்துல எதனால காரம் வருதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? மிளகா, மிளகாயா, இஞ்சியா? எல்லாம் கரைஞ்சு போச்சு. கரைஞ்ச மிளகை மட்டும் ரசத்துல இருந்து வெளியே எடுக்க முடிஞ்சா, எடுத்துட்டு ஒரு வாய் குடிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். சமையல்கட்டுல அது நடக்காது. லேபில் நடக்கும். நூத்துக்கணக்கான புரதங்கள் கலந்த திரவத்துல ஒரே ஒரு புரதத்தை மட்டும் கட்டிப்போட்டு, "இப்ப இவன் இல்லை, வேலை நடக்குதா?"ன்னு கேக்கலாம்.

1984ல் லண்டனில் ராபின் வைஸ் குழு செஞ்சது கிட்டத்தட்ட இதுதான். ஹெச்ஐவி எந்த வாசல் வழியா டி செல்லுக்குள்ள போகுது? செல்லோட மேற்பரப்புல இருக்கிற விதவிதமான புரதங்களுக்கு எதிரான 155 மோனோக்ளோனல் ஆன்டிபாடிகளை ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தாங்க. வைரஸைத் தடுத்தது சிடி4 என்ற புரதத்தைப் பிடிக்கிற 14 ஆன்டிபாடிகள். அந்த 14ல் ஒண்ணுகூடத் தவறலை. பாரிஸிலும் அதே வருஷம் அதே முடிவு. ஆக, வாசல் சிடி4.

கதை அங்கே முடிஞ்சிருக்கணும், இல்லையா? முடியலை. மனித சிடி4ஐ எலிச் செல்லுக்குள்ள வச்சுப் பார்த்தாங்க. வைரஸ் வந்து ஒட்டிக்கிச்சு, உள்ளே போகலை. கேட் திறந்திருக்கு, உள்கதவு பூட்டியிருக்கு. மனிதச் செல்லில் மட்டும் இருக்கிற அந்த இரண்டாவது கதவு எதுன்னு அடுத்த பத்து வருஷம் யாருக்கும் தெரியலை.

இதுக்கு நடுவுல 1986.

நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்த வருஷம் வேற காரணத்துக்காக ஞாபகம் இருக்கணும். சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியா இருந்த டாக்டர் நிர்மலா, டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளிகளோட ரத்த மாதிரிகளைச் சேகரிச்சு, வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய் எலைசா செஞ்சு, இந்தியாவின் முதல் ஹெச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடிச்சது அந்த வருஷம்தான். அந்த எலைசாவிலும் நாயகன் ஆன்டிபாடிதான். அங்கே நோயாளியோட ஆன்டிபாடியைத் தேடினாங்க. நம்ம கதையில ஆன்டிபாடியை வச்சு வேறொண்ணைத் தேடப்போறாங்க.

அதே 1986 டிசம்பரில், சான் பிரான்சிஸ்கோவில் ஜே லெவி குழு ஒரு விசித்திரத்தை வெளியிட்டது. தொற்று இருந்தும் ஆரோக்கியமா இருந்த சிலரோட ரத்தத்துல இருந்து வைரஸை வளர்க்க முயற்சி பண்ணினா வளரவே இல்லை. சிடி8 என்ற வகை டி செல்களை மட்டும் நீக்கிட்டுப் பார்த்தா, வைரஸ் பொங்கி வந்தது. திரும்ப அந்தச் செல்களைச் சேர்த்தா அடங்கிடுச்சு. (அந்த நீக்கல் வேலையும் ஆன்டிபாடி வச்சுதான்.)

இதுல என்ன புதுசுன்னு கேக்கலாம். சிடி8 செல்லோட வேலையே தொற்று வந்த செல்லைக் கொல்றதுதானே? இங்கே அது யாரையும் கொல்லலை. தொற்று வந்த செல்கள் உயிரோடவே இருந்தன. வைரஸ் மட்டும் பெருகலை. அப்போ சிடி8 செல் எதையோ சுரக்குது, அது வைரஸை அடக்குது. லெவி அதுக்கு "கேஃப்"ன்னு பெயர் வச்சார். சிடி8 செல்லின் வைரஸ் எதிர்ப்புக் காரணி என்பதோட சுருக்கம்.

பெயர் இருக்கு, ஆள் யாருன்னு தெரியலை. மருந்தே இல்லாம மக்கள் செத்துக்கிட்டு இருந்த காலம். உடம்பே ஒரு மருந்தைத் தயாரிக்குதுன்னா, அது எதுன்னு தெரிஞ்சுக்க எத்தனை பேர் துடிச்சிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

இப்போ கொஞ்சம் வேற பக்கம் போகணும். பொறுமையா வாங்க, இரண்டும் சேரும்.

கையில முள் குத்துது. சில மணி நேரத்துல அந்த இடம் சிவந்து வீங்குது. ரத்தத்துல மிதந்துக்கிட்டு இருக்கிற வெள்ளணுவுக்கு, "இடது கை ஆள்காட்டி விரல்ல பிரச்சினை"ன்னு யார் சொன்னது? சர்க்கரை சிந்தின இடத்துக்கு எறும்பு வர்ற மாதிரிதான். அடிபட்ட இடத்துல இருக்கிற செல்கள் சின்னப் புரதங்களைக் கசிய விடும். அதோட செறிவு எந்தப் பக்கம் கூடுதோ அந்தப் பக்கம் வெள்ளணு நகரும். இந்தப் புரதங்களுக்குக் கீமோகைன்னு பெயர். நியூட்ரோஃபிலைக் கூப்பிடுறது ஒரு வகை, டி செல்லைக் கூப்பிடுறது இன்னொரு வகை.

1988ல் இரண்டு இடத்துல இரண்டு கண்டுபிடிப்பு. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலியின் மேக்ரோஃபேஜ் செல்லில் இருந்து மிப்-1 என்ற புரதத்தைப் பிரிச்சாங்க. அது அப்புறம் ஆல்ஃபா, பீட்டான்னு இரண்டு ஆள்னு தெரிஞ்சது. அதே வருஷம் டாம் ஷால் என்ற இளம் ஆய்வாளர், தூண்டப்பட்ட டி செல்லில் ஒரு புது மரபணுவைக் கண்டுபிடிச்சார். பெயர் ரான்டெஸ்.

இந்தப் பெயர் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "மேன் ஃபேசிங் சவுத்ஈஸ்ட்"னு ஒரு அர்ஜென்டினா படம். மனநல மருத்துவமனைக்கு ஒருத்தர் வருவார், நான் வேற்றுக்கிரகத்துக்காரன்னு சொல்வார். அவர் பெயர் ரான்டெஸ். எங்கிருந்து வந்தது, எதுக்கு வந்ததுன்னு தெரியாத புரதத்துக்கு அந்தப் பெயரையே வச்சுட்டு, எழுத்துக்குப் பொருந்துற மாதிரி ஒரு நீளமான விரிவாக்கத்தைப் பிறகு தயார் பண்ணினாங்க. அதுல கடைசி வார்த்தைகள் "அநேகமா சுரக்கப்படுவது" என்ற பொருள்ல வரும். "அநேகமா"வைப் பெயர்லயே வச்ச ஒரே புரதம் இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்!

1990ல் ரான்டெஸ் என்ன செய்யுதுன்னு தெரிஞ்சது. ஏற்கெனவே ஒரு கிருமியைப் பார்த்து ஞாபகம் வச்சிருக்கிற டி செல்களைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிடுது. இது அழற்சியைப் பத்தின ஆராய்ச்சி. ஹெச்ஐவிக்காரங்க யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் காரணமே இல்லை.

இனி 1995க்கு வருவோம். அமெரிக்காவில் பெத்தெஸ்டாவில் தேசியப் புற்றுநோய் நிறுவனம். ராபர்ட் காலோவின் ஆய்வகம். ஆமா, ஹெச்ஐவியை முதலில் கண்டுபிடிச்சது யார்னு பிரான்ஸோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டின அதே காலோதான். அந்தப் பஞ்சாயத்து இந்தத் திரிக்கு வேண்டாம். அங்கே பாவ்லோ லூஸோ, ஃபியோரென்ஸா கொக்கி உள்ளிட்ட குழு கேஃப் மாதிரியான அடக்கும் காரணியைத் தேடி இறங்கினது.

முதல் சிக்கல் அளவு. சிடி8 செல்லை லேபில் ரொம்ப நாள் வளர்க்க முடியாது. ஹெச்டிஎல்வி-1 என்ற வைரஸை வச்சு அதைச் சாகாத செல்லா மாத்தினாங்க. அது மிதந்த திரவத்தைச் சேர்த்து, சுண்டக் காய்ச்சின மாதிரி செறிவாக்கி, பிரிச்சுப் பிரிச்சு, ஒவ்வொரு பகுதியும் வைரஸை அடக்குதான்னு பார்த்துக்கிட்டே போனாங்க. கடைசியில் மிஞ்சின புரதங்களோட அமினோ அமில வரிசையைப் படிச்சா, எல்லாம் ஏற்கெனவே தெரிஞ்ச முகங்கள்: ரான்டெஸ், மிப்-1 ஆல்ஃபா, மிப்-1 பீட்டா.

டி செல்லைக் கூப்பிடுற புரதங்கள். அதுக்கும் ஹெச்ஐவிக்கும் என்ன சம்பந்தம்?

வரிசை பொருந்துதுன்னு மட்டும் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. அந்தத் திரவத்துல கூட ஒட்டிக்கிட்டு வந்த வேற எதுவோ அந்த வேலையைச் செஞ்சிருக்கலாமே? அங்கேதான் தூண்டில் வந்தது. மூணு புரதத்துக்கும் எதிரான, அதைச் செயலிழக்க வைக்கிற ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் போட்டாங்க. திரவத்தோட அடக்கும் சக்தி முழுசா போயிடுச்சு. ரசத்துல காரமே இல்லை. எதிர்ப்பக்கமா, சுத்தமா தயாரிச்ச மூணு புரதத்தையும் வைரஸ் இருக்கிற செல்லில் போட்டாங்க. அளவு கூடக் கூட வைரஸ் அடங்கிச்சு. எடுத்தா போகுது, போட்டா வருது. இரண்டு பக்கமும் பூட்டின சாட்சி.

மூணையும் சேர்த்துக் கட்டினதுதான் இதுல சூட்சுமம். மூணு பேரும் ஒரே வேலையைச் செய்யுறவங்க. ஒருத்தனைக் கட்டிப்போட்டா மத்த இரண்டு பேர் அந்த வேலையைப் பார்த்துக்குவாங்க. "இவன் இல்லைன்னாலும் வேலை நடக்குது, அப்போ இவன் குற்றவாளி இல்லை"ன்னு தப்பா விடுதலை பண்ணியிருப்போம்.

1995 டிசம்பர் சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அதே மாசம் நேச்சரில் ஜெர்மனியின் ரைன்ஹார்ட் குர்த் குழு, அடக்கும் காரணி இன்டர்லூகின்-16 என்று எழுதியது. வேடிக்கை என்னன்னா அதுவும் சிடி4 டி செல்லைக் கூப்பிடுற புரதம்தான். கதவைத் திறந்துவிட்டது என்னவோ காலோ குழுவோட மூணு பேர்தான்.

எப்படின்னா, கீமோகைன் வேலை செய்யணும்னா செல்லோட மேல அதுக்குன்னு ஒரு ஏற்பி இருக்கணும். கீமோகைன் வந்தா வைரஸ் நிக்குதுன்னா, இரண்டும் ஒரே நாற்காலிக்குத்தான் போட்டி போடுதா?

1996 மே மாசம் எட் பெர்கர் குழு முதல் உள்கதவைக் கண்டுபிடிச்சது. இப்போ அதுக்குப் பெயர் சிஎக்ஸ்சிஆர்4. அதுக்கு எதிரா செஞ்ச ஆன்டிபாடியைப் போட்டா வைரஸ் நுழையலை. ஆனா அது லேபிலேயே வளர்ந்து பழகின வைரஸ் வகைக்கான கதவு. மனிதர்கிட்ட இருந்து மனிதருக்குப் பரவுற வகை எந்தக் கதவுல போகுது? அந்த வருஷ ஆரம்பத்துல பிரஸ்ஸல்ஸில் சிசிஆர்5 என்ற புது ஏற்பியை விவரிச்சிருந்தாங்க. அது எந்தக் கீமோகைன்களுக்குப் பதில் சொல்லும் தெரியுமா? ரான்டெஸ், மிப்-1 ஆல்ஃபா, மிப்-1 பீட்டா. அதே மூணு பேர்!

ஜூன் கடைசியில ஐந்து குழுக்கள் வரிசையா வெளியிட்டாங்க. கதவு சிசிஆர்5தான்னு.

இப்போ க்ரோன்கிட்ட திரும்புவோம். பாக்ஸ்டன் குழு முதலில் எழுதினப்போ, இவர் மாதிரி ஆட்களோட செல்கள் தடுக்கிறது இந்தக் கீமோகைன்களோட செயல்பாட்டோட தொடர்புடையதுன்னு சொன்னாங்க. பாதி சரி. 1996 ஆகஸ்ட்டில் அதே மையத்தில் மரபணுவைப் படிச்சப்போ முழு விடை வந்தது. சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்து காணோம். அப்பாகிட்ட இருந்து வந்த பிரதியிலும் இல்லை, அம்மாகிட்ட இருந்து வந்த பிரதியிலும் இல்லை. அந்தப் புரதம் செல்லோட மேற்பரப்புக்கு வரவே இல்லை. பூட்டோ சாவியோ விஷயமே இல்லை, கதவே வைக்காத வீடு.

அத்தனை வருஷமா "நான் மட்டும் ஏன்?"னு கேட்டுக்கிட்டு இருந்தவருக்கு 32 எழுத்துல பதில். அவர் 2013ல் இறந்தார். ஹெச்ஐவி கடைசி வரை அவரை அண்டவே இல்லை.

(உடனே "எனக்கும் டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?"னு இன்பாக்ஸுக்கு வராதீங்க. ஐரோப்பிய வம்சாவளியில சுமார் 100ல் ஒருத்தருக்குத்தான் இரண்டு பிரதியிலும் இந்த மாற்றம் இருக்கு. நம்ம மக்கள்ல மிக மிக அரிது. இருந்தாலும் சிஎக்ஸ்சிஆர்4 வழியா வர்ற வைரஸுக்கு அது தடை இல்லை. பாதுகாப்பான உறவு, பரிசோதனை, தொற்று இருந்தா அரசு ஏஆர்டி மையத்தில் இலவச மாத்திரை. இதுதான் நமக்கு.)

எல்லாம் சுபம்னு இங்கேயே முடிச்சிருப்பேன். ஜே லெவி விடலை.

காலோ குழு கண்டுபிடிச்சது உண்மைதான், ஆனா அது என் கேஃப் இல்லைன்னார் அவர். ஆதாரம் என்ன? அதே ஆன்டிபாடிகள்! தன்னோட சிடி8 திரவத்துல அந்தக் கீமோகைன்களைக் கட்டிப்போட்டும் அடக்கும் சக்தி போகலை. அதுவும் இல்லாம, கேஃப் சிசிஆர்5ஐயே பயன்படுத்தாத வைரஸையும் அடக்குது. வைரஸ் உள்ளே போனதுக்கு அப்புறம், அது தன் மரபணுவைப் படியெடுக்கிற இடத்துல தடுக்குது. அப்போ வாசல்ல நிக்கிற காவலாளி அதுவா இருக்க முடியாது.

ஒரே வகை தூண்டில், ஒரு லேபில் "ஆமா", இன்னொரு லேபில் "இல்லை". இரண்டு பேரும் பொய் சொல்லலை. இரண்டு பேர் ரசமும் வேற.

2002ல் ஆரன் டைமண்ட் மையத்தில் இருந்தே சயின்ஸில் ஒரு கட்டுரை. கீமோகைன் போக மிச்சம் இருக்கிற அந்தச் சக்தி, ஆல்ஃபா டிஃபென்சின்கள் என்ற புரதங்கள்னு சொன்னாங்க. பல வருஷம் தொற்றோட இருந்தும் நோய் முத்தாத ஆட்களோட சிடி8 செல் திரவத்துல இருந்தது. ஆன்டிபாடி அடையாளம் காட்டிச்சு, அமினோ அமில வரிசையும் பொருந்திச்சு. உலகம் முழுக்கச் செய்தி.

அப்புறம்தான் தெரிஞ்சது. அந்த டிஃபென்சினைச் சிடி8 செல் தயாரிக்கவே இல்லை. செல்லைத் தூண்டி வளர்க்கிறதுக்காக வேறு ஆட்களோட ரத்த வெள்ளணுக்களையும் கூடச் சேர்த்திருந்தாங்க. டிஃபென்சின் அதுல இருந்து வந்தது. 2004ல் அதே குழு அதே இதழில், எங்க முடிவை நாங்க திரும்பப் பெறுறோம்னு எழுதினாங்க. கட்டுரையை இல்லை, அதுக்குக் கொடுத்த விளக்கத்தை மட்டும். அப்படிப் பொதுவெளியில எழுத ஒரு தைரியம் வேணும். எனக்கு அவங்க மேல மரியாதை கூடத்தான் செஞ்சது.

ஆன்டிபாடி அங்கே தப்புப் பண்ணலை பாருங்க. டிஃபென்சின் இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னு சொல்லிச்சு. யார் வீட்டுதுன்னு அதுகிட்ட யாரும் கேக்கலை.

இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு பழைய முகம் ஞாபகம் வந்தது. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். முதல் பிரசவத்துக்கு வந்த பொண்ணு. முதல் ஹெச்ஐவி பரிசோதனை பாசிட்டிவ்னு வந்தது. விதிப்படி வேற வேற கிட்ல இன்னும் இரண்டு தடவை பார்த்து உறுதி செஞ்ச பிறகுதான் சொல்லணும். அதுக்கு முன்னாடி யாரோ புருஷன் வீட்டுக்காரங்க காதுல போட்டுட்டாங்க. அடுத்த இரண்டும் நெகட்டிவ். கர்ப்ப காலத்துல இப்படித் தப்பா ஒட்டுறது உண்டு. நாங்க ஓடிப்போய்ச் சொல்றதுக்குள்ள அந்தப் பொண்ணோட பையை வார்டுக்கு வெளியே வச்சுட்டுப் போயிருந்தாங்க. அவங்க அம்மா மட்டும் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் என்ன ஆச்சோ, தெரியாது.

சரி, கதையோட பாக்கி.

சிசிஆர்5 கதவை அடைக்கிற மரவிராக் மாத்திரை 2007ல் அங்கீகாரம் வாங்கிச்சு. அதே வருஷம் பெர்லினில் திமோத்தி ரே பிரவுன் என்பவருக்கு ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றினப்போ, டாக்டர் கெரோ ஹுட்டர் வேணும்னே இந்த 32 எழுத்து இல்லாத கொடையாளரைத் தேடிப் பிடிச்சார். ஹெச்ஐவியில் இருந்து குணமான முதல் மனிதர் அவர். 2020ல் பழைய புற்றுநோய் திரும்ப வந்து இறந்தார், ஹெச்ஐவி திரும்பவே இல்லை. 2018ல் ஐபலிசுமாப் வந்தது. மத்த மருந்துகளுக்கு அடங்காத வைரஸுக்கான ஊசி. அது என்னன்னா, சிடி4ஐப் பிடிக்கிற மோனோக்ளோனல் ஆன்டிபாடி. 1984ல் லண்டனில் 155ல் 14 காட்டிக்கொடுத்த அதே இடத்துல போய் உட்காருற மருந்து. 34 வருஷம் ஆகியிருக்கு, கருவி மருந்தா மாற.

லெவியோட கேஃப்? இன்னைக்கு வரை ஆள் யாருன்னு உறுதியாகலை. அதுக்கு எதிரா ஒரு ஆன்டிபாடி செய்யலாமேன்னு கேப்பீங்க. செய்யணும்னா ஆட்டுக்கோ எலிக்கோ ஊசி போட முதல்ல அந்தப் புரதம் கையில இருக்கணுமே!

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. ஓபி முடிச்சுட்டு ராத்திரி வந்து பதில் போடுறேன்.